ஊரும் பேரும் எழுதிவைத்த பேராசிரியர் நா. வா.

தமிழாய்வு உலகில் பேராசிரியர் எனப் போற்றப்பெற்றோர் பலர். அவருள் பெரும்பாலோர் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ அப்பதவியை வகித்து அப்பெயரைப் பெற்றவர்கள். அத்தகைய பதவி எதிலும் நிலையாக அமராமலேயே, மாணாக்கரும் தோழரும் அன்பினால் அழைத்த அழைப்பே நிலைபெற்றுப் பேராசிரியர் ஆனவர் நா. வானமாமலை அவர்கள். நா. வா. என்னும் இரண்டு எழுத்துகளே தமிழ்நாட்டில் அவரை அறிவிக்கப் போதுமானவை. இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நாட்டுப்புறவியல் தாளில் ஒரு மதிப்பெண் வினாவுக்காகவேனும் அவர் பெயரை மனனம் செய்கின்றனர். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அப்பாலும் அவரை நம் மாணவர் அறிதல் வேண்டும் என்னும் அவாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

நா. வா. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்தார். நாங்குநேரி, வைணவத் திருப்பதிகள் 108இல் ஒன்று. வானமாமலை என்பது அத்தலத்துக்கும் அங்கு உறையும் பெருமாளுக்கும் வழங்கும் பெயர். ஊர்த் தெய்வத்தின் பெயரைச் சூடிய அக்குழந்தை பின்னாளில் பொதுவுடைமைக் கொள்கையை ஏற்றதும், கோயிலின் பாசுரங்களை விடக் கழனியின் பாடல்களைத் தேடி நடந்ததும் காலம் செய்த விந்தை எனலாம். கல்லூரியில் அவர் பயின்றது தமிழ் அன்று; வேதியியல். ஆசிரியப் பயிற்சியும் பெற்று, மாவட்டக் கழகத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அப்பணியைத் துறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அதுவே அவர்தம் வாழ்க்கைக்கு வருவாய் தந்த தொழில். உழவர் இயக்கத்தில் அவர் கொண்ட ஈடுபாடும் அக்காலத்தில் வளர்ந்ததே. குத்தகை உழவரின் வழக்குகளைக் கேட்கச் சென்ற செவியில் அவர்தம் பாடல்களும் விழுந்தன என்று கொள்வது பொருந்தும்.

வேதியியல் பயின்றவர் என்பதை இங்கு அழுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் சோதிப்பவர், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவர் எடுத்தார், எந்நிலையில் இருந்தது என்பனவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே அடுத்த செயலுக்குச் செல்வார். அந்தப் பழக்கத்தை நா. வா. பாட்டுக்குக் கொண்டுவந்தார். அறிவியலைத் தமிழிலேயே கற்பிக்க இயலும் என்பதை நிறுவத் துறைதோறும் கட்டுரைகளைத் தொகுத்து, தமிழில் முடியும் என்னும் பெயரால் நூலாக்கியவரும் அவரே.

நாட்டார் பாடல்களைத் தொகுத்தவருள் நா. வா. முதல்வர் அல்லர். சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்துக்கு முதல்வராக இருந்த சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர், தென்னிந்திய நாட்டுப்பாடல்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1871இலேயே சென்னையில் வெளியிட்டார். அந்நூலில் திருக்குறளுக்கும் ஓர் இயல் உண்டு என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். மு. அருணாசலம் அவர்களின் காற்றிலே மிதந்த கவிதை 1943இல் வெளிவந்தது. பெர்சி மாக்வீன் என்னும் ஆட்சிப் பணியாளர் திரட்டிவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் மலையருவி என வெளியிட்டது. இவை யாவும் நன்றியோடு நினைக்கத்தக்க முயற்சிகள். ஆயினும் இவற்றுள் பலவற்றைப் பயில்வோர்க்குப் பாட்டு கிடைக்கும், பாடியவர் கிடைப்பதரிது. மலர் கிடைக்கும், கொடி எங்கே படர்ந்திருந்தது என்பது தெரியாது.

1960களின் தொடக்கத்தில் நா. வா. வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயரில் பாமரர் என்னும் சொல் இருந்தது. 1964இல் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வெளியிட்ட பெருந்தொகுப்பின் பெயரோ தமிழர் நாட்டுப்பாடல்கள். பாமரர் என்னும் சொல் மறைந்து தமிழர் என்னும் சொல் அவ்விடத்தைப் பெற்றதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை. எழுத்தறியாதவர் என்னும் குறையால் சுட்டப்பெற்றவர், மொழிக்கு உரியவர் என்னும் உரிமையால் சுட்டப்பெறுகின்றனர்.

அத்தொகுப்பைப் புரட்டுவோர் முதலில் காண்பது, பாடலைச் சூழ்ந்து நிற்கும் சிறு குறிப்புகளை. பாடல் எச்சூழலில் பிறந்தது என்பதைக் கூறும் முன்னுரை மேலே இருக்கும். கீழே வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள் இருக்கும். அதன்பின் உதவியவர், சேகரித்தவர், இடம் என மூன்று வரிகள். சிவகிரி வட்டாரத்தில் திரட்டிய எஸ். எம். கார்க்கி, விளாத்திகுளம் வட்டத்தில் திரட்டிய எஸ். எஸ். போத்தையா முதலியோரின் பெயர்கள் பக்கந்தோறும் வருகின்றன. தொகுப்பாசிரியர் தம் பெயரை அட்டையில் இட்டுக்கொண்டு, வெயிலில் நடந்தவரின் பெயரை முன்னுரையின் மூலையில் நன்றியாக ஒதுக்குதல் நம் ஆய்வுலகம் அறியாத வழக்கமன்று. நா. வா. அவ்வாறு செய்யவில்லை. கற்றோர் நூலுக்கு மட்டுமே உரியதாயிருந்த ஆசிரியர் பெயர் என்னும் மதிப்பை, ஊர் பேர் அறியாத பாட்டுக்கும் உரியவர் உண்டு என்னும் முறையில் அவர் வழங்கினார்.

இதனால் விளைந்த பயன் யாது? பாட்டு பாடப்பெற்ற வேளையையும் வினையையும் அறியாமல் அதன் பொருளை அறிய இயலாது என்பது தெளிவாயிற்று. ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார்; கீழே சால் பிடிப்பவர் நீரை முகந்து வாய்க்காலில் ஊற்றுவார். பிள்ளையாரை வணங்கித் தொடங்கும் பாட்டு, எண்ணோடு எண்ணாக நீண்டுகொண்டே செல்லும். ஏட்டில் மட்டும் அதனைப் படிப்பவர்க்கு, எண்கள் ஏன் அவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பது விளங்காது. கவிதைச் சுவை குன்றிய பகுதி என்று கூடத் தோன்றும். உண்மையில் அவ்வெண்ணே பாட்டின் உயிர். இத்தனை சால் இறைத்தாயிற்று என்பதற்குப் பாட்டே கணக்கு. எண்ணிக்கை தவறினால் ஒரு வயலின் பாய்ச்சல் தவறும்.

நடவுப் பாட்டில் ஒருத்தி முன்பாட, மற்றையோர் பின்பாடுவர். குனிந்த முதுகு நிமிராமல் வரிசை கலையாமல் நாற்று ஊன்றுதற்கு அந்தத் தாளம் துணை. அதே பாட்டில் கண்காணியின் கடுமையும் கூலியின் குறைவும் ஏளனமாக இழையோடும். தனியே நின்று சொன்னால் வேலை போகும் சொல்லைக் கூட்டமாகப் பாடினால் எவர் மீதும் குற்றம் சாராது. இந்த நுட்பத்தை எடுத்துக்காட்டுவதில் நா. வா. தனிக் கவனம் செலுத்தினார். தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீர்வரிசை நீள்வதும், பாடும் தாய்க்குப் பிறந்த வீட்டின் மீதுள்ள உரிமையையும் ஏக்கத்தையும் சேர்த்தே காட்டும். ஒப்பாரியில் கணவனை இழந்தவள் அழுவது கணவனுக்காக மட்டுமன்று. நாளை முதல் அவ்வீட்டில் தனக்கு என்ன இடம் என்பதற்காகவும்தான். இறந்தோரைப் பாடும் அப்பாட்டு, இருப்போர் காதில் விழ வேண்டிய முறையீடு.

ஒப்பாரியைப் பற்றிக் கூறும்போது, வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றைக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. நம் கல்லூரி மாணவர் பலர் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து வருகின்றனர். அவரவர் இல்லத்து முதியோரிடம் பாடல் கேட்டு எழுதிவருமாறு பணித்திருந்தேன். பலர் திரைப்பாடலைக் கிராமப் பாடல் என நம்பி எழுதிவந்தனர். அது அவர் பிழையன்று. பூவிருந்தவல்லியை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் மட்டும் வெறுங்கையோடு வந்து, தம் பாட்டி ஒப்பாரி பாட மறுத்துவிட்டார் என்றார். சாவு விழாத வீட்டில் அப்பாட்டை எடுத்தால் சாவை வரவழைத்ததாகும் என்பது அம்மூதாட்டியின் அச்சம். அடுத்த வாரம் அம்மாணவி மீண்டும் வந்தார். பாட்டி அவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, வீட்டுக்கு முதுகு காட்டி அமர்ந்து, பத்து அடிகளைப் பாடினாராம். பதினோராம் அடியில் உண்மையாகவே அழத் தொடங்கியதால் பாட்டு நின்றுவிட்டதாம். நா. வா. நூல்களில் பல பக்கங்களைப் படித்து நான் விளக்க முயன்றதை, அந்த ஏரிக்கரை ஒரு மாலைப்பொழுதில் விளக்கிவிட்டது.

தமிழர் நாட்டுப்பாடல்கள் வெளிவந்த அதே 1964இல்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பெற்றது. சிறிது முன்னதாக ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. ஏரிகளை நம்பிப் பயிர்செய்த இவ்வட்டாரம் சங்கொலியை நம்பும் வட்டாரமாக மாறிய காலம் அது. இதனைக் குறையாகக் கூறவில்லை. அத்தொழிற்சாலைகளின் ஊதியம் இல்லையேல் நம்முள் பலர் கல்லூரி வாயிலை மிதித்திருக்க இயலாது. எனினும் மின்விசை எக்கிகள் வந்தபோது ஏற்றம் போயிற்று. ஏற்றம் போனபோது சாலை எண்ணத் தேவையில்லை. எண்ணத் தேவையில்லாதபோது பாட்டும் இல்லை. எவரும் அதனைத் தடைசெய்யவில்லை. பாடுதற்குரிய வேளை மறைந்தது, அவ்வளவே. தெற்கே நா. வா.வும் அவர்தம் தோழரும் குறிப்பேட்டோடு ஊர் ஊராக நடந்த ஆண்டுகளில், இங்கு எவரேனும் கொரட்டூர் ஏரிக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் அவ்வாறு நடந்திருப்பின் எத்துணைப் பாடல்கள் கிடைத்திருக்கும் என்னும் எண்ணம் என்னை விட்டு அகல்வதில்லை.

பொதுவுடைமையாளர் ஒருவரின் வரலாறு நம் மலரில் இடம்பெறுவதைப் பெரியோர் சிலர் வியப்போடு நோக்கக்கூடும். இறைநம்பிக்கை பற்றிய அவர்தம் கொள்கை நமக்கு உடன்பாடானதன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் சமுதாயம் அவருக்குக் கடமைப்பட்டுள்ள செய்தி ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக அவர் பதிப்பித்த கதைப்பாடல்களுள் ஒன்று கான்சாகிபு சண்டை. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி யூசுப்கான் ஆகி, கும்பினிப் படையில் உயர்ந்து, மதுரையை ஆண்ட மருதநாயகத்தின் கதை அது. கும்பினிக்காகப் பாளையக்காரரை ஒடுக்கியவரும் அவரே. பின்னர் ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து முற்றுகையைத் தாங்கி, உடனிருந்தோரால் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பெற்றவரும் அவரே. மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. ஆங்கிலேயர் ஆவணங்களில் கலகக்காரராக மட்டும் நின்றிருக்கக்கூடிய ஒருவரை, மக்கள் தம் பாட்டில் வைத்துக் காத்தனர். ஏட்டுச்சுவடியில் உறங்கிய அப்பாட்டை அச்சில் எழுப்பியவர் நாங்குநேரிப் பெருமாளின் பெயர் தாங்கிய இந்தத் தமிழர்.

கட்டபொம்மன் கதைப்பாடல், வள்ளியூர்ப் பாண்டியரைப் பற்றிய ஐவர் ராசாக்கள் கதை ஆகியனவும் அவர் பதிப்பித்தவையே. அவற்றுள் முத்துப்பட்டன் கதை தனித்துக் கூறத்தக்கது. அந்தணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியர் குலப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அக்குலத் தொழிலையும் ஏற்று, ஆநிரை காக்கும் போரில் உயிர் துறக்கிறான். நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லிசையில் பாடப்படும் கதை இது. அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே என்றும், காட்டில் விடப்பட்டு எடுத்து வளர்க்கப்பட்டவர் என்றும் கதையின் சில வடிவங்கள் கூறும். அது பிற்காலத்தில் புகுத்தப்பெற்ற பூச்சு என நா. வா. வாதிட்டார். கலப்பு மணத்தைப் பொறுக்காத மனம் கதையின் முடிவை மாற்றத் துணியாமல் அதன் தொடக்கத்தை மாற்றிவிட்டது என்பது அவர் கண்ட முடிவின் சாரம். பல வடிவங்களை அருகருகே வைத்து நோக்கினாலன்றி இத்தகைய திருத்தங்கள் வெளிப்படா. நாட்டார் இலக்கியம் கள்ளங்கபடமற்றது எனக் கொண்டாடுவோர் இப்பகுதியைக் கட்டாயம் படித்தல் வேண்டும்.

1961இல் ஜீவா அவர்களின் முயற்சியால் தோன்றிய தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தில் நா. வா. முன்னணியில் நின்றார். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். பள்ளி ஆசிரியர், எழுத்தர், மாணவர் எனப் பலதிறத்தார் கூடிக் கட்டுரை படித்து வாதிடும் அவை அது. 1969இல் ஆராய்ச்சி என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். பல்கலைக்கழக மானியமின்றி நடைபெற்ற அவ்விதழில், பட்டமேதும் இல்லாதவர் எழுதிய கட்டுரையும் அறிஞர் கட்டுரைக்கு அருகிலேயே இடம்பெற்றது. ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களைப் போன்று பின்னாளில் நாட்டார் வழக்காற்றியலில் பெரும்பணி ஆற்றியோர் அவ்வட்டத்தில் உருவானவர்களே. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித்துறை அமைந்தபோது, அவ்வூரின் மண் முன்னரே பண்படுத்தப்பட்டிருந்தது.

குறை கூறாமல் புகழ்வது நினைவேந்தலுக்கு ஏற்கும், வகுப்பறைக்கு ஏலாது. நா. வா. சில பாடல்களில் வர்க்க முரணைத் தேடும் வேகத்தில், அப்பாட்டின் வெறும் மகிழ்ச்சியை விரைந்து கடந்துவிடுகிறார் என்பது என் கருத்து. நிலவொளியில் கும்மியடிக்கும் பெண்ணுக்குச் சில வேளைகளில் நிலவும் கும்மியுமே போதுமானவை. இன்னொரு குறை அவருடையது மட்டுமன்று, அக்காலத்து வசதியினுடையது. சொற்கள் அச்சேறின, மெட்டு அச்சேறவில்லை. வண்டிக்காரர் நள்ளிரவில் நீட்டி இசைத்த தெம்மாங்கு, தாளில் நான்கடிச் செய்யுளாகச் சுருங்கி நிற்கிறது.

1980ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் நா. வா. மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 62. தமிழ் நாட்டார் படைப்புகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றுள் சில அவர் மறைவுக்குப் பின்னர் நூலாயின.

அவர் இட்ட வழியில் நம் இல்லங்களைப் பற்றியும் எண்ணத் தோன்றுகிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கும் தாலாட்டில் நபிமார் பெயர்கள் வரும். அடுத்த அடியிலேயே சீர் கொண்டுவரும் மாமனும் வந்துவிடுவார். திருமண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் எள்ளிப் பாடுவர். ரமலான் மாதத்துச் சஹர் வேளையில் பக்கீர்கள் தாயிரா கொட்டித் தெருத்தெருவாகப் பாடி எழுப்புவர். ஒலிபெருக்கியும் கைப்பேசி மணியும் வந்த பின்னர் அந்தக் கொட்டொலி அரிதாகிவிட்டது. சீறாப்புராணத்தைப் பதிப்பித்துப் பேணிய நாம், அடுக்களையிலும் தொட்டிலடியிலும் வழங்கிய தமிழை அதே அக்கறையோடு எழுதிவைத்தோமா?

நம் துறை மாணவர் இப்போது குறிப்பேடு ஒன்று தொடங்கியுள்ளனர். பாடல், வட்டார வழக்கு, உதவியவர், சேகரித்தவர், இடம் என நா. வா.வின் கட்டங்களே அதில் உள்ளன. மெட்டு என ஒரு கட்டத்தை அவர்களே சேர்த்துள்ளனர். என் உம்மாவின் தாயார், நாங்கள் நன்னி என்று அழைத்தவர்கள், பாடிய தாலாட்டில் எனக்கு நினைவிருப்பவை நான்கு அடிகளே. உம்மாவுக்கு ஏழெட்டு அடிகள் நினைவில் இருந்தன. அவற்றை எழுதி, இடம் என்னும் கட்டத்தில் பூவிருந்தவல்லி எனக் குறித்தேன். உதவியவர் என்னும் கட்டத்தில் உம்மாவின் பெயரோடு நன்னியின் பெயரையும் எழுதினேன். மெட்டுக் கட்டம் வெறுமையாக உள்ளது. கைப்பேசியில் பதிவதற்காகப் பாடுமாறு வேண்டியபோது, தொட்டிலில் பிள்ளை இல்லாமல் எப்படிப் பாடுவது என்று உம்மா மறுத்துவிட்டார்கள். வரும் மாதம் தங்கைக்குப் பேறுகாலம். அதன்பின் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறியிருக்கிறார்கள்.